பல்லும் இருதயமும்

பல் வைத்தியரிடம் செல்பவர்கள் தங்கள் இருதயத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. "பல்லுக்கும் இருதயத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று இருந்து விடுகிறார்கள். சம்பந்தம் உண்டு, சிலருக்கு அது உயிரைப் பற்றிய விஷயம்.

நமது வாய் கோடானுகோடி கிருமிகளின் வாசஸ்தலம். பல்லைப் பிடுங்கும்போது அவை ரத்தத்தில் கலக்கின்றன என்பதை 1935-ஆம் வருஷத்திலேயே ஓகெல், எலியட் என்ற இரு ஆங்கிலேயர் பரிசோதித்துக் காட்டினர். சாதாரண தேகத்தில் அவை சீக்கிரமே மாண்டு போகும். செயற்கை வால்வு பொருத்திய இருதயத்திலோ, அங்கேயே ஒட்டிக்கொண்டு பெருகக்கூடும். விடாத ஜுரமும் இளைப்பும் கண்டு, வால்வே அரிபட்டுப் போகும். பென்ஸிலின் வருவதற்கு முன் இந்நோயிலிருந்து பிழைத்தவர் மிக அபூர்வம். சங்கீத மேதை மாலர் 1911-ல் மாண்டது இவ்வியாதியினால்தான்.

ஆகவே, பல் சிகிச்சைக்கு முன்பே மருந்து கொடுக்கும்படி 1955-ல் அமெரிக்க இருதயச் சங்கம் யோசனை கூறிற்று. வெகு காலம் வரை, இருதயத்தில் சிறு குறை உள்ளவர்களுக்கும் மருந்து கொடுத்து வந்தார்கள். 2007-ல் அச்சங்கமே தன் அபிப்பிராயத்தைச் சுருக்கிக் கொண்டது. பல் துலக்கும்போதும் உணவை மெல்லும்போதும் கிருமிகள் அன்றாடம் ரத்தத்தில் நுழைகின்றனவே. என்றோ ஒரு நாள் விழுங்கும் மருந்து எவ்வளவு தூரம் காக்கும்? அளவின்றிக் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்கே அடங்காமற் போகும் அபாயமும் உண்டு.

இப்போது அச்சங்கம் மருந்து கூறுவது சிலருக்கே: செயற்கை வால்வு உடையவர்கள், முன்னரே இந்நோய் கண்டவர்கள், சில கடுமையான பிறவிக் கோளாறு உள்ளவர்கள், மாற்று இருதயம் பெற்று அதன் வால்வு பழுதடைந்தவர்கள். பெரியவர்களுக்கு அமாக்ஸிஸிலின் 2 கிராம், சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு, ஒரே வேளை. பென்ஸிலின் ஒவ்வாதவர்களுக்கு வேறு மருந்து.

நம் தேசத்தில் இது சிறு விஷயமன்று. சிறு வயதில் வரும் ருமாட்டிக் ஜுரம் எத்தனையோ ஏழைகளின் வால்வைக் கெடுத்து விடுகிறது. அவர்களுக்கு உதவவென்றே திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரா ஸ்தாபனத்தில் சுதேசி வால்வு ஒன்றைச் செய்து, 1990-ல் முதன் முதலாகப் பொருத்தினார்கள். அவ்வளவு பாடுபட்டுக் காத்த உயிரை ஒரு சொத்தைப் பல்லுக்குப் பலி கொடுக்கலாமா?

வால்வு மாற்றிக் கொண்டவர்கள் பல் வைத்தியரிடம் அதைச் சொல்லாமல் நாற்காலியில் உட்காரலாகாது. மற்றவர்கள் தாமாக மாத்திரை வாங்கி விழுங்கலாகாது. இரு சாராருக்கும் பொதுவான மருந்து ஒன்று உண்டு: தினம் தவறாமல் பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்திருப்பதே அது.