இரும்பும் மூலிகைச் சர்க்கரையும்

நெய்யாற்றங்கரையை அடுத்த அதியன்னூரிலும், தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் பாறசாலை எல்லையூர்களிலும் சீந்தில் புதிய கொடியன்று. அதன் தண்டை இடித்து நீரில் கரைத்துத் தெளியவைத்தால் அடியில் வெண்பொடி படியும். சித்த மருத்துவம் இதனைச் சீந்தில் சர்க்கரை என்று வழங்கும். வேதியியல் நோக்கில் இது மாச்சத்து. சிறு சர்க்கரை அலகுகள் நீளத் தொடுத்த கூட்டுச் சர்க்கரை. நீரிற் கரையும் வேறு கூட்டுச் சர்க்கரைகளும் அத்தண்டில் உண்டு. இரும்புச் சத்துக்கு அன்னபேதியையும் அயச் செந்தூரத்தையும் அம்மருத்துவம் கையாண்டது. மூலிகையின் கூட்டுச் சர்க்கரையையும் இரும்பையும் ஒரே மூலக்கூற்றுக் கட்டமைப்பில் இணைப்பது இன்றைய வேதியியலின் முயற்சி.

இதன் தேவை பெரிது. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 அகவை வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர். தமிழ்நாட்டில் இது 53.4, கேரளத்தில் 36.3. குருதிச்சோகைத் தடுப்புக்கென நாடு தழுவிய திட்டம் 1970இலேயே தொடங்கியும் நிலை இதுவே. மாத்திரை கைக்கு வந்தும் குமட்டலும் மலச்சிக்கலும் கண்டு அதனை இடையில் நிறுத்துவோர் பலர்.

அத்துயரின் வேர் இரும்பின் வடிவத்தில் உள்ளது. இரும்புச் சல்பேட்டு இரைப்பையிற் கரைந்து தனி அயனிகளாகப் பிரிகிறது. அவை குடற்சவ்வை உறுத்துகின்றன. உறிஞ்சப்படாத பெரும்பகுதி பெருங்குடலை அடைந்து அங்கும் இடர் செய்கிறது. உயிரணுவோ இரும்பைத் தனியே திரியவிடுவதில்லை. பெரிட்டின் என்னும் புரதக் கூட்டினுள் 4,500 இரும்பணுக்கள் வரை அடக்கிக் காக்கிறது. இரும்பையும் கூட்டுச் சர்க்கரையையும் இணைத்து வேதியியலார் ஆக்கும் அணைவும் ஏறத்தாழ இவ்வமைப்பையே ஒத்தது.

முதலில் மூலிகைச் சாற்றிலிருந்து புரதமும் நிறமிகளும் நீக்கிக் கூட்டுச் சர்க்கரையைத் தூய்மையாக்குவர். அதனை நீரிற் கரைத்துச் சோடியம் சிட்ரேட்டு சேர்த்து, இளஞ்சூட்டில், காரநிலை மாறாதவாறு இரும்புக் குளோரைடைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். மூவிணைதிறன் இரும்பு, நீரேறிய ஆக்சைடு நுண்கருவாகத் திரளும். சர்க்கரைத் தொடரின் ஆக்சிசன் தாங்கிய தொகுதிகள் அக்கருவைப் பற்றிச் சூழ்ந்து, அது வீழ்படிவாகாமல் காக்கும். இறுதியில் எத்தனால் ஊற்றி அணைவைப் பிரித்தெடுத்து, தங்கிய உப்பை அகற்றி உலர்த்துவர். சீன ஆய்வாளர்கள் தம் நாட்டு மருத்துவ வேர்களின் கூட்டுச் சர்க்கரைகளை இவ்வாறு இரும்புடன் இணைத்து விலங்குகளில் ஆய்ந்துள்ளனர். பகுத்த மாச்சத்தால் ஆன இரும்பு அணைவுகள் முன்னரே கடைகளில் விற்பனையாகின்றன.

இரும்பு கருவினுள் அடங்கியிருப்பதால் வயிறு உறுத்தாது என்பது எதிர்பார்ப்பு. ஆயினும் குடல் அவ்விரும்பை ஏற்க வேண்டுமாயின், கரு சிதைந்து இரும்பு வெளிப்பட்டு, ஈரிணைதிறன் வடிவிற்கு மாற வேண்டும். கட்டு இறுகினால் உறிஞ்சல் குறையும். தளர்ந்தால் உறுத்தல் மிகும். இந்த அளவைக் காண்பதே ஆய்வின் கடினப் பகுதி.

2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இதற்குச் சான்று. குருதிச்சோகையுற்ற 80 இளங்குழந்தைகளுக்குப் பன்னிரு கிழமைகள் இருவகை இரும்பும் தனித்தனியே தரப்பட்டன. இரும்புச் சல்பேட்டு பெற்றோரின் சராசரி ஈமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7.9 கிராமிலிருந்து 11.9 ஆயிற்று, கூட்டுச் சர்க்கரை அணைவு பெற்றோர்க்கு 7.7இலிருந்து 11.1 ஆயிற்று. வயிற்றுப்போக்கும் அணைவு பெற்றோரிடமே மிகுந்தது. புதிய வடிவம் தன் மேன்மையைத் தானே மெய்ப்பித்தாக வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

மூலிகை அணைவுக்கு இக்கடமை இன்னும் மிகுதி. துவர்ப்பொருள் எஞ்சினால் அது இரும்பைப் பிணித்து உறிஞ்சலைத் தடுக்கும். நிலத்திலிருந்து ஈயமும் நஞ்சுப்பொருள்களும் செடியில் ஏறலாம். ஒரே கொடி பருவத்திற்கேற்ப வேறுபட்ட சர்க்கரை தரும். ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் இரும்பின் அளவு, மூலக்கூற்று எடை, தூய்மை ஆகியவற்றை அளந்தறிய வேண்டும். பின்னர் விலங்குகளிலும், அதன்பின் உரிய ஒப்புதலோடு மக்களிடத்தும், இரும்புச் சல்பேட்டோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். அதுவரை சோகையுற்ற தாய் மருத்துவர் தரும் மாத்திரையைக் கைவிடலாகாது. இச்சோதனைகளில் தேறிய அணைவே சத்து மருந்தாக நம் மகளிரின் கைக்குச் சேரத் தகுதியுடையது.