வெள்ளக் காப்பு: தனி முயற்சியும் கூட்டு முயற்சியும்

கிளிநொச்சிப் பகுதியிற் பெரும்போக நெல் பெரும்பாலும் புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் விதைக்கப்படுகின்றது. மார்கழியில் மழை உரக்கும்போது பயிர் மட்டம் வெடித்து, சில வயல்களிற் குடலைப் பருவத்தையும் அடைந்திருக்கும். வெள்ளத்துக்கு அஞ்ச வேண்டிய காலமும் அதுவே. 1964ஆம் ஆண்டுப் பெரும்புயல் வன்னியைத் தாக்கியது டிசெம்பர் 22ஆம் திகதியை அண்டியாகும். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த கடுமழையாற் கனகராயன் ஆறு பெருகி, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை முதலிய தாழ்ந்த இடங்களில் வீடுகளும் வயல்களும் நீரில் அமிழ்ந்தன.

இத்தகைய அழிவுக்குப் பின் கமக்காரரிடையே இருவகைப் பேச்சு எழுவதுண்டு. அவரவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டும் என்பர் சிலர். அமைப்பும் அரசாங்கமும் பார்த்துக்கொள்ளட்டும் என்பர் வேறு சிலர். ஒரு வீட்டின் கையால் முடிவது எது, முடியாதது எது என்று முதலிற் பிரித்தறிந்தால் இவ்வழக்குப் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

விதைநெல்லைக் காப்பது வீட்டின் வேலை. ஏக்கருக்கு 2 புசல் என்னும் கணக்கில் விதைத்தவர், அழிந்தால் மீண்டும் விதைப்பதற்கு மூன்று மாத நெல்லினம் ஒன்றைச் சிறிதளவேனும் வேறாக வைத்தல் வேண்டும். பல்லிற் கடித்தால் ஓசையுடன் முறியுமளவுக்கு அது காய்ந்திருத்தல் அவசியம். முன்னைய வெள்ளம் சுவரில் எவ்வளவு உயரம் ஏறியதோ, அதற்கு மேலே பரண் அமைத்து வைக்க வேண்டும். அவ்வடையாளத்தை வெள்ளையடித்து மறைக்கும் வீடுகள் பல. மறையாமற் கோடிட்டு வைத்தல் நன்று. மிளகாய், கத்தரி முதலியவற்றின் வேர்கள் ஒருநாள் தேங்கும் நீரையும் எளிதிற் பொறா. ஆகவே மேட்டுநிலப் பாத்திகளை ஓரடி உயர்த்திச் சுற்றிலும் கான் வெட்டுதல் வேண்டும். இவற்றை அயலவர் வந்து செய்து தருவார் என்று காத்திருத்தல் தகாது.

நீர் வடிவது அவ்வாறன்று. ஒரு கழிவு வாய்க்காலின் ஓரத்தில் ஆறு வயல்கள் இருப்பதாகக் கொள்வோம். மேலுள்ள ஐவரும் தத்தம் பங்கைத் துப்புரவாக்கினாலும், கடைசி வயலருகே பற்றையும் சேறும் அடைத்திருந்தால் ஐவர் உழைப்பும் வீணாகும். நீர் பின்னோக்கி ஏறும். அப்போது ஒருவர் இரவில் வரம்பை வெட்டிவிடுவார். அவர் வயல் தப்பும், கீழுள்ள வயல் மூழ்கும், இரு குடும்பங்களும் பல ஆண்டுகள் பேசாதிருக்கும். நீர்ப்பாசன வாய்க்காற் கட்டை வெட்டினாலோ சிறுபோக நீரும் வழியில் வீணாகும்.

கழிவு வாய்க்கால்களை ஆவணி முடிவதற்குள், நிலம் காய்ந்திருக்கும்போது, தலை முதற் கடைவரை ஒரே முறையில் வெட்ட வேண்டும். வேலையை ஏக்கர் அளவாற் பங்கிடுதல் முறை. ஆயினும் அவரவர் பங்கை அவரவரே வெட்டுக என்று விட்டால், ஆளில்லாத வீட்டின் பங்கில் நீர் தடைப்படும். 2009இற் போர் முடிந்தபின் மீளக்குடியேறிய குடும்பங்களுட் பெண்கள் தனித்து நடத்துவன பல. அவ்வீட்டின் பங்கை மற்றையோர் வெட்டுவது அவர்களுடைய சொந்தப் பயிரையும் காப்பதாகும். அவ்வீட்டார் தேநீர், சாப்பாடு கொடுத்தோ, கணக்கை எழுதி வைத்தோ ஈடு செய்யலாம்.

இது கமக்காரருக்குப் புதிய பழக்கமன்று. 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் தரும் இரணைமடுவிற் சிறுபோகத்துக்கு நீர் போதாதபோது, பயிர்ச்செய்கைக் கூட்டத்திற் பரப்பைத் தீர்மானித்துப் பங்கு பிரிக்கின்றனர். வறட்சியைப் பங்கிடத் தெரிந்தோர் வெள்ளத்தைப் பற்றி அதே கூட்டத்தில் ஏன் பேசலாகாது? 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிவான கமக்காரர் அமைப்புகள் இதற்கு ஏற்ற இடமாகும். வான்கதவு திறக்கப்படும் செய்தியை எந்த வீட்டார் எந்த வீட்டாருக்குச் சொல்வது, கைபேசியில்லாத முதியவரிடம் ஓடிச்சென்று சொல்பவர் யார், கட்டிலுள்ள மாடுகளை அவிழ்த்துவிடுபவர் யார் என்பவற்றை அங்கே பெயர் குறித்து எழுதிவிட வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்று கலைந்தால் எவரும் பாரார்.

வெள்ளம் வடிந்தபின் உடனே யூரியா இடுதல் கூடாது. மூழ்கிய பயிர் சேமித்த உணவைச் செலவிட்டுக் களைத்திருக்கும். இலைகளிற் சேறும் படிந்திருக்கும். நீரை வடியவிட்டு, புதிய இலை தோன்றிய பின்னரே பசளை இடுக. குடலைப் பருவத்துக்கு முந்திய பயிர் ஆங்காங்கு அழிந்திருந்தால், நெருக்கமாக நிற்கும் இடங்களிலிருந்து மட்டங்களைப் பிரித்து இடைவெளிகளில் நடலாம். தம் வயலிற் போதாவிடின் அயல் வயலிற் கேட்டுப் பெறலாம். கொடுக்கும் வயலும் பெறும் வயலும் ஒரே இனமும் ஏறக்குறைய ஒரே வயதும் உடையனவாயிருத்தல் வேண்டும். இன்றேல் கதிர்கள் ஒருங்கே முற்றா.