வெறுத்த யந்திரமும் விடுதலை பெற்ற எழுத்தும்

ஒருவரை அறிந்து வெறுப்பது ஒருவகை. அறியாமலே வெறுப்பது மற்றொருவகை. மனிதர் விடயத்திற் போலவே பொருள்கள் விடயத்திலும் இஃது உண்மையென்பதை நாம் அண்மையில் எமது இல்லத்திலேயே கண்டுகொண்டோம்.

வெள்ளவத்தையில் வசித்து, களனியிலுள்ள கல்லூரியொன்றுக்கு நாள்தோறும் புகைவண்டியிற் சென்று கற்பித்து வருகின்றோம். இருபது ஆண்டுகளாக விண்டோஸ் கணினியையன்றி வேறொன்றையும் நாம் தொட்டதில்லை. அப்பிள் கணினியென்றாலே எமக்கு ஆகாது. "அது செல்வர் வீட்டு அலங்காரப் பொருள்" என்று வகுப்பிலேயே கூறியிருக்கின்றோம். எமது கணினி பழுதுற்றால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குச் சென்று உறுப்பை மாற்றிக்கொள்ளலாம். அப்பிளில் அஃது இயலுமா என்பது எமது வாதம்.

இவ்விரு கட்சிகளும் தோன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம், சந்தையிற் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே தனது கணினியை அமைத்தது. இன்டெல் நிறுவனத்தின் சில்லும் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இயங்குதளமும் அதில் இடம்பெற்றன. ஆதலால் பிறரும் அதே போன்ற கணினிகளைச் செய்து மலிவாக விற்றனர். உறுப்புகளைப் பூட்டிக் கணினியாக்கிக் கொடுக்கும் தொழில் கொழும்பு வரை பரவியதும் இதனாலேயே. 1984 ஜனவரி 24ஆந் திகதி மக்கின்டோஷ் கணினியை வெளியிட்ட அப்பிளோ, யந்திரத்தையும் இயங்குதளத்தையும் பெரும்பாலும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது.

இரு சாராரின் அபிமானிகளும் பகை பாராட்டினர். 1997 ஆகஸ்டில் பொஸ்டன் நகரிலே, மைக்ரோசொப்ட் நிறுவனம் அப்பிளில் 15 கோடி டொலர் முதலிடுகின்றதென ஸ்டீவ் ஜொப்ஸ் அறிவித்தார். பில் கேட்ஸ் திரையில் தோன்றியதும் கூடியிருந்த அப்பிள் அன்பர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புக் காட்டினர். முதலாளிகள் உறவாட, அன்பர்கள் சண்டையிட்டனர்! நாமும் அவர்களுள் ஒருவரே.

சென்ற ஆண்டு எமது பழைய கணினி ஒருநாள் இயங்க மறுத்தது. பழுது பார்ப்பவரும் கைவிரித்துவிட்டார். அவ்வேளை கனடாவிலிருந்து வந்திருந்த எமது மைத்துனர், தாம் பாவித்த அப்பிள் கணினியை, "அத்தான், இதை நீங்கள் வைத்திருங்கோ" என்று தந்தார். மறுக்க வழியில்லை.

முதல் வாரம் முழுவதும் எரிச்சல்தான். வலப்புறம் இருக்கவேண்டிய மூடும் பொத்தான் இடப்புறம் இருந்தது. கன்ட்ரோல் விசையின் வேலையைக் கொமாண்ட் விசை செய்தது. இவற்றைப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது ஒன்று பின்னர் வந்தது.

காலஞ்சென்ற எமது தந்தையார் தமது இளமை நினைவுகளைச் சொல்லச் சொல்ல, நாம் தட்டெழுதி வைத்தவை நாற்பது பக்கங்கள். அவற்றின் பிரதியொன்று பென் டிரைவில் இருந்தது. புதிய கணினியில் அதனைத் திறந்தோம். ஐயகோ! "தமிழ்" என்றிருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. நாற்பது பக்கமும் அவ்வாறே. "பார்த்தீர்களா, இது தமிழுக்கு ஆகாத யந்திரம்!" என்று வீட்டாரிடம் சீறினோம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் எமது மாணவி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு மெல்லச் சிரித்தாள். "சேர், பிழை இந்தக் கணினியில் இல்லை. நீங்கள் பாமினி எழுத்துருவில் எழுதியிருக்கிறீர்கள்" என்றாள்.

அவள் விளக்கியது இதுதான். பழைய கணினியிலும் உள்ளே இருந்தவை ஆங்கில எழுத்துக்களே. பாமினி அவற்றுக்குத் தமிழ் வேடம் அணிவித்திருந்தது. வேடம் இல்லாத இடத்தில் உண்மையுருவம் வெளிப்பட்டது. இக்கணினியிலும் பாமினியை நிறுவிப் படிக்கலாம். ஆனால் அடுத்த கணினியில் மீண்டும் இதே இடர்ப்பாடு. ஒருங்குறி எனப்படும் யுனிகோட் முறையிலோ ஒவ்வோர் எழுத்துக்கும் எக்கணினியிலும் ஒரே எண். 'க' என்பதற்கு 2965. 1991இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது.

1987இல் அம்முறைக்கு வித்திட்டவர்கள் செரொக்ஸ் நிறுவனத்து ஜோ பெக்கரும், அப்பிள் நிறுவனத்து லீ கொலின்ஸ், மார்க் டேவிஸ் ஆகியோருமாவர். மைக்ரோசொப்டும் அதிற் சேர்ந்துகொண்டது. நாம் பகைவரெனக் கருதிய இரு வீட்டாரும், உலக எழுத்துக்களின் பொருட்டு ஒரே திண்ணையில் அமர்ந்திருக்கின்றனர்!

மாணவி அப்பக்கங்களை எழுத்துருமாற்றியில் இட்டு ஒருங்குறியாக்கித் தந்தாள். சில எழுத்துக்கள் பிறழ்ந்திருந்தன. இரண்டு இரவுகள் கண்விழித்துத் திருத்தினோம். அந்த இரவுகளில் தந்தையாரின் குரலையே மீண்டும் கேட்டதுபோல் இருந்தது. இப்போது அது கனடாவிலுள்ள மைத்துனரின் கைபேசியிலும் தமிழாகவே திறக்கின்றது.

அப்பிளின் விலைபற்றிய எமது குறை இன்னும் மாறவில்லை. ஆயினும் எம்மைக் கட்டிவைத்திருந்தது யந்திரத்தின் பெயரன்று, நாம் எழுதிய முறையே என்பதை உணர்ந்தோம். மாணவச் செல்வர்களே, கணினி எதுவாயினும் ஆகுக. எழுதுவதை ஒருங்குறியில் எழுதுங்கள். பிரதியொன்றை வேறிடத்திலும் வையுங்கள். யந்திரங்கள் மாறும், எழுதியவை நிலைக்கவேண்டும்.