அரச பயணத்துக்கு ஒரு மென்பொருள்

அரச உத்தியோகத்தர் ஒருவர் கடமை நிமித்தம் வெளியூர் போக வேண்டுமென்றால் முதலில் அனுமதி, பிறகு முற்பணம், பயணச்சீட்டு, தங்குமிடம், திரும்பி வந்ததும் செலவுக் கோரிக்கை என்று கடதாசி வேலை நீள்கிறது. இத்தனையையும் ஓரிடத்தில் கொண்டுவருவது பயண முகாமை மென்பொருள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பயண முகவர்கள் விமானச்சீட்டுப் பதிவுக்குப் பயன்படுத்தும் மென்பொருள் வேறு வகை. அது ஆசனம் இருக்கிறதா என்று பார்க்கும். இது, பயணம் செய்பவருக்கு அந்த ஆசனம் உரியதா என்று பார்க்கும்.

உரித்தைத் தீர்மானிப்பவை விதிகள். இலங்கையில் உள்நாட்டுப் பயணச் செலவைத் தாபன விதிக்கோவையின் 14ஆம் அத்தியாயம் கூறுகிறது. ஊழியர்கள் 'வாரண்ட்' என்று சொல்லும் விடுமுறைப் புகையிரத ஆணைச்சீட்டு 16ஆம் அத்தியாயத்தில் வருகிறது. பணம் கொடுக்கும் முறை நிதிப் பிரமாணங்களில் இருக்கிறது. படிகளின் தொகையோ அவ்வப்போது சுற்றுநிருபங்களால் மாறும். பத்தரமுல்லை அமைச்சு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள யாழ்ப்பாணத்துக்குச் செல்பவரின் கோரிக்கை, இவற்றில் கடமைப் பயணத்துக்குரிய எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும்.

மென்பொருளை அமைப்பது என்பது பெரும்பாலும் இந்த விதிகளை அட்டவணைகளாக எழுதுவதே. எந்தப் பதவிக்கு எந்த வகுப்பு, இரவு தங்கினால் எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு மேல் படி உண்டு என்பன அதில் அடங்கும். இங்கே திகதிதான் மிக முக்கியம். மார்ச்சில் பயணம், ஏப்ரிலில் புதிய சுற்றுநிருபம், மே மாதத்தில் கோரிக்கை என்றால், மார்ச் மாதத் தொகையே செல்லுபடியாகும். ஆகவே ஒவ்வொரு தொகைக்கும் அது நடைமுறைக்கு வந்த நாளும் முடிந்த நாளும் பதியப்பட வேண்டும். பழைய தொகையை அழித்துப் புதியதை எழுதும் மென்பொருளை அரச அலுவலகத்துக்குள் விடாதிருப்பதே நல்லது.

அடுத்தது அனுமதிச் சங்கிலி. மேலதிகாரி லீவில் இருக்கும்போது பதில் கடமை பார்ப்பவருக்கு அதிகாரம் மாற வேண்டும். அந்தப் பதில் கடமையாளரே தமது கோரிக்கையை அனுமதித்துவிடவும் கூடாது.

இந்த வகையில் பெரியதோர் எடுத்துக்காட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பயண அமைப்பு. அதற்கான ஒப்பந்தம் 1998இல் கொடுக்கப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, பயணத்தின் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் உணவுப்படியில் 75 வீதமே உண்டு. இந்தக் கணக்கை அங்கே மென்பொருளே போட்டுவிடுகிறது. அந்தப் பயண அமைப்புக்குப் பதிலாகப் புதிய மென்பொருளொன்றைக் கொண்டுவர முயன்ற திணைக்களம், பயன்பாடு குறைவாகவே இருந்ததால் 2023இல் பழையதற்கே திரும்பியது. மேடையேறி அறிமுகம் செய்வது சுலபம், கணக்குப் பிரிவுகளைப் பழக்குவது கடினம்.

மென்பொருள் நடைமுறைக்கு வந்த பிறகு உதவிப் பிரிவுக்கு வரும் முறைப்பாடுகள் பலவும் ஆட்களைப் பற்றியவை. ஒருவர் இடமாற்றம் பெற்றிருப்பார். பெயர் சிங்களத்தில் ஒருவிதமாகவும் தமிழில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். அடையாள அட்டை இலக்கமும் இரண்டு வகை. பழையதில் ஒன்பது இலக்கங்களுடன் 'வீ' அல்லது 'எக்ஸ்' எழுத்து. 2016 முதல் வழங்கப்படுவதில் பன்னிரண்டு இலக்கங்கள். பழையதைப் புதிய வடிவுக்கு மாற்றிச் சரிபார்க்காவிட்டால் ஒரே ஆள் இரண்டு ஊழியராகப் பதிவாவார். அப்படிப் பதிவானவர் ஒரே பயணத்துக்கு இரு தடவை பணம் பெறவும் வழி பிறக்கும்.

கடைசி இணைப்பு கணக்குப் பிரிவோடு. இலங்கைத் திணைக்களங்களில் 'சிகாஸ்' என்ற கணக்கு மென்பொருள் புழக்கத்தில் உள்ளது. பயண மென்பொருள் அதனுடன் பேசாவிட்டால் ஒவ்வொரு வவுச்சரையும் ஓர் எழுதுவினைஞர் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், வேலை இரட்டிப்பாகும்.

தொகை அட்டவணையைத் திருத்துபவருக்குக் கோரிக்கையை அனுமதிக்கும் உரிமை கொடுக்கப்படக் கூடாது. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவையும் அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். கணக்காய்வாளர் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான்.