அலரும் அபவாதமும்
முதல் தமிழ் நாவல்களில் காதல், அறம், அந்தஸ்து

நாவல் என்னும் இலக்கிய வகை மேலைநாட்டிலிருந்து நமக்கு வந்தது என்பதை யாவரும் அறிவர். ஆயினும் அதன் வாயிலாக நம் முதல் நாவலாசிரியர்கள் சொன்ன செய்தி நமக்கு முற்றிலும் புதியதா? குணச்சித்திரம், காதல், அறம், அந்தஸ்து ஆகிய நான்கையும் தனித்தனித் தலைப்பிட்டு விளக்குவது வகுப்பறை வழக்கம். இக்கட்டுரையில் அந்நான்கும் ஒருங்கே சந்திக்கும் ஓரிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதுவே ஊரார் வாய்ச்சொல்.

அக இலக்கியம் இதனை ‘அலர்’ என்று அழைத்தது. தலைவனும் தலைவியும் களவில் பழகுகின்றனர். ஊரார் தூற்றத் தொடங்குகின்றனர். தோழி அதைக் காட்டித் தலைவனை விரைந்து மணந்துகொள்ளுமாறு தூண்டுகிறாள். வள்ளுவர் இதற்கென ‘அலரறிவுறுத்தல்’ என்று 115ஆம் அதிகாரத்தையே ஒதுக்கினார். அலர் எழுந்ததும் நன்மைக்கே என்று தலைவன் மகிழ்வதையும் அங்கே காண்கிறோம். ஊரார் சொல் சுடுகிறது. ஆனால் அது களவைக் கற்பிலே கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நாவலாசிரியர்கள் தம்மைச் சுற்றிக் கண்ட இல்லறம் வேறுவகை. அங்கே பெரும்பாலும் மணம் முந்தியது, காதல் பிந்தியது. மணத்திற்குப் பிறகு எழும் பழிச்சொல் எந்த மணத்தை விரைவுபடுத்தும்? இருக்கும் இல்லறத்தைக் குலைக்கத்தான் அதனால் முடியும். அலர், அபவாதம் ஆகிவிட்டது. நம் முதல் நாவல்களைப் புரிந்துகொள்வதற்கு இது நல்லதொரு திறவுகோல் என்று கருதுகிறேன்.

தமிழின் முதல் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. அதனை இயற்றிய வேதநாயகம் பிள்ளை மாயவரத்தில் முன்சீபாக இருந்தவர். பிரதாபனுக்கும் ஞானாம்பாளுக்கும் இடையே முதலில் நிற்பது அந்தஸ்துச் சண்டையாகும். மணமக்கள் யார் வீட்டில் வாழ்வது என்பதில் பெரியவர்கள் முரண்டு பிடிக்கின்றனர். ஞானாம்பாளோ ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆளும் அறிவுடையவள். பெண் கல்விக்காக வாதாடிய ஆசிரியரின் உள்ளம் இதில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் இந்நாவலில் நல்லவர் பெரும்பாலும் நல்லவராகவும் தீயவர் தீயவராகவுமே நிற்கின்றனர். அறம், ஆசிரியர் எடுத்துரைக்கும் கிளைக்கதைகளாகவே வருகிறது.

ஆசிரியர்களாகிய நாம் இந்நூலில் மறக்கக்கூடாத ஓரிடம் உண்டு. செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய பிரதாபன் பாடம் தவறினால், அடிபடுபவன் உடன் படிக்கும் கனகசபை. அவன் உபாத்தியாயர் வீட்டுப் பிள்ளை. அந்தஸ்து என்பது யாதென விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுவதில்லை. தவறு ஓரிடத்திலும் தண்டனை வேறோரிடத்திலும் விழுமாறு செய்யும் ஆற்றலே அது.

அடுத்த நாவல், ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்து, பின்னர் நூலாயிற்று. இதன் மற்றொரு தலைப்பு ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பது நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு எத்துணைப் பொருத்தம்! சிறுகுளம் என்னும் ஊரில் வம்பு பேசும் பெண்கள் கூடும் கூட்டத்திற்கு ஆசிரியர் ‘வம்பர் மகாசபை’ என்றே பெயர் சூட்டுகிறார். படிக்கும்போது நகைக்கிறோம். ஆனால் நகைப்பிற்கிடமான அந்த நாக்குகளின் வேலைதான் பின்னர் ஒரு குடும்பத்தையே அலைக்கழிக்கிறது.

முத்துஸ்வாமி ஐயர் கல்நெஞ்சரல்லர், மனைவியிடம் அன்புடையவர், ஊரில் மதிப்புடையவர். செல்வம் அழிவதும் மகன் காணாமற்போவதும் மனைவியின்மேல் பழி எழுவதுமாகத் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வர, அவர் மனம் தடுமாறுகிறது, பழியை நம்பிவிடுகிறார். குணச்சித்திரத்தில் தமிழ் நாவல் வளர்ந்தது இங்கேதான். பொய் சொல்பவர் தீயவர் என்பதைக் கதைகள் நெடுங்காலமாகச் சொல்லி வந்துள்ளன. அந்தப் பொய்யை நம்புகிறவர் நல்லவராகவும் இருக்கலாம் என்பதை ராஜமய்யர் காட்டினார். இதனை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. 1898இல், 26ஆம் வயதில் அவர் மறைந்தது தமிழுக்குப் பேரிழப்பு.

அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திரம்’ 1898இல் வெளிவரத் தொடங்கியது. இதன் நாயகன் நாராயணன் வறுமையிலிருந்து மேலெழுந்து சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற்றவன். எனினும் மனைவியையும் தன் உயிர் நண்பன் கோபாலனையும் இணைத்து ஐயுறும் நிலைக்கு அவனும் ஆளாகிறான். படிப்பு வந்தால் சந்தேகம் போய்விடும் என்று எண்ணியவர்க்கு மாதவையா அளித்த விடை இது. 1903இல் வந்த ‘முத்துமீனாட்சி’யில் அவர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். இளம் விதவையொருத்தி தன் வரலாற்றைத் தன் வாயாலேயே கூறுமாறு அமைத்தார். ஊரார் பேச்சுக்கு இலக்கான பெண்ணுக்கும் பேச ஒரு நாவு வேண்டுமல்லவா?

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய பொருளன்று. இங்கிலாந்தில் ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலுக்கு முதலில் அவர் இட்ட பெயர் ‘முதல் எண்ணங்கள்’ என்று பொருள்படுவது. நடன மண்டபத்தில் டார்சி நுழைந்த சிறிது நேரத்திற்குள் அவனுடைய ஆண்டு வருமானம் பத்தாயிரம் பவுன் என்ற செய்தி எங்கும் பரவிவிடுகிறது. அந்த வருமானமே முதலில் அவனுக்கு அழகும் மதிப்பும் தேடித் தருகிறது. அறிவிற் சிறந்த எலிசபெத்தோ, இனிமையாகப் பேசும் விக்கம் சொன்ன பொய்யை நம்பி டார்சியை வெறுக்கிறாள். தன் தவற்றைத் தானே உணர்ந்து நாணுகிற இடத்தில்தான் அவளுடைய காதலுக்கு வழி பிறக்கிறது.

நம் நாட்டில் தோன்றிய முதல் தமிழ் நாவலாக ஆய்வாளர் குறிப்பிடும், 1917இல் வெளிவந்த ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’யும் காதலைத் தலைப்பிலேயே தாங்கி வந்தது. ஆனால் வம்பர் மகாசபையை அறிய எனக்கு நூல் தேவைப்படவில்லை. தோட்டத்தில் லயத்துக் குழாயடி இருந்தது.

1990ஆம் ஆண்டுவாக்கில், பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லுமுன், கெடாவில் ஒரு தோட்டப் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். பால்மரம் வெட்டும் ஒருவரின் மகள் இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படித்து வந்தாள், கெட்டிக்காரி. அவளுக்கு வேண்டிய புத்தகங்களைக் கிராணி வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்புவேன். அவன் அவற்றை அவள் வீட்டு வாசலில் நின்று கொடுத்துச் செல்வான். குழாயடியில் பேச்சு எழுந்தது. ஒரு வாரத்திற்குள் தகப்பனார் படிப்பை நிறுத்திவிட்டார். பையனின் படிப்பு நிற்கவில்லை.

உண்மை எனக்குத் தெரியும். நான் சென்று, ‘அப்புத்தகங்களைக் கொடுத்தனுப்பியவன் நானே’ என்று சொல்லியிருக்க வேண்டும். என் பெயரும் அப்பேச்சில் சேர்ந்துவிடுமோ என்று அஞ்சினேன். கிராணியின் மனத்தாங்கலுக்கும் அஞ்சினேன். நான் குடியிருந்த வீடு தோட்டத்து வீடு. வாயைத் திறக்கவில்லை. கனகசபை வாங்கிய அடியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்நிகழ்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெண் பின்னர் பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தாள். பல ஆண்டுகள் கழித்துத் தன் குழந்தையை முதலாம் ஆண்டில் சேர்க்க, நான் பணியாற்றிய பள்ளிக்கு வந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆகவே, நாவலைப் பாடமாக நடத்தும் ஆசிரியர் தோழர்களுக்கு ஒரு விண்ணப்பம். ‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்னும் கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். கதையில் ஒருவரைப் பற்றி ஒரு சொல் எழும்போது பக்கத்தை நிறுத்தி, மாணவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதைச் சொன்னவர் யார்? அவர் கண்ணால் கண்டாரா? கேட்டவர் ஏன் நம்பினார்? உண்மை அறிந்தும் பேசாதிருந்தவர் யார்?

கடைசிக் கேள்விக்கு நம் முதல் நாவல்களில் மாணவர்கள் விடை தேடட்டும். தேடிய பின் தம் வீட்டையும் தெருவையும் அவர்கள் நினைப்பார்களானால், அதைத் தடுக்க வேண்டா.