விழுங்க வழி செய்யும் ஸ்டென்ட்

"தண்ணீர்கூட இறங்கவில்லை, டாக்டர்." முற்றிய உணவுக்குழாய்ப் புற்றுநோயுடன் பள்ளிக்கரணைக்கு எங்களை நாடி வருவோரின் குடும்பத்தார் பலரும் இப்படித்தான் தொடங்குகின்றனர்.

அறுவை சிகிச்சை இயலாத நிலையிலும் இந்த அடைப்புக்கு வழியுண்டு. கதிர்வீச்சு அடைப்பைத் தளர்த்தும். ஆனால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஸ்டென்ட் விரைவில் பலன் தரும். நிக்கல், டைட்டேனியம் கலந்த உலோகக் கம்பியால் பின்னிய இக்குழாயைச் சுருக்கி, எண்டோஸ்கோப்பி மூலம் அடைப்பினுள் வைக்கிறோம். அது தானே விரிந்து, ஏறத்தாழ 2 செ.மீ. அகலத்திற்கு வழிவிடும். பலருக்கு ஓரிரு நாட்களில் விழுங்குவது எளிதாகும். தொடக்கத்தில் நெஞ்சுவலி இருக்கலாம், மருந்தால் தணியும்.

முதலில் நீர்ம உணவு. பிறகு கஞ்சி, ரசத்தில் குழையப் பிசைந்த சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி. நிமிர்ந்து அமர்ந்து, நன்கு மென்று, இடையிடையே தண்ணீர் அருந்த வேண்டும். பரோட்டா, இறைச்சித் துண்டு, நார் மிகுந்த காய்கள் சிக்கிக்கொள்ளும். இரைப்பையின் வாயருகே ஸ்டென்ட் பொருத்தியவர்களுக்கு உணவு எதுக்களிக்கும் என்பதால், தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வேண்டும்.

ஸ்டென்ட் இடம் நகரலாம். புற்று வளர்ந்து மீண்டும் அடைக்கலாம். உணவு இறங்காவிட்டாலோ, ரத்த வாந்தி, காய்ச்சல், கடும் வலி தோன்றினாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஸ்டென்ட் புற்றுநோயைக் குணப்படுத்தாது. இதை நோயாளியிடம் மறைக்க வேண்டாம். மீதமுள்ள நாட்களில் வீட்டாருடன் அமர்ந்து உண்ண அது துணைசெய்யும். பொருத்துவதா என்பதை அவரையும் உடன் வைத்துப் பேசியே முடிவு செய்வோம்.