கொத்திய அம்மியும் புது எஞ்சினும்

புதிதாகக் கார் வாங்கிய ராயபுரத்து அன்பர் ஒருவர், முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை நாற்பதுக்கு மேல் ஓட்டலாகாது என்று சிலரும், அதெல்லாம் பழங்காலச் சம்பிரதாயம் என்று சிலரும் சொல்கிறார்களே, எதை நம்புவது என்று கேட்டு எழுதியிருக்கிறார். 1948-ல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியதையும், 1955-ல் ஏற்பட்ட என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் புல்லட்டை உருவாக்கியதையும் கண்ட வட்டாரத்தாருக்கு, பிஸ்டன் இன்னது, ரிங் இன்னது என்று நான் விளக்கப் புகுவது அதிகப்பிரசங்கமாகும்.

ஆயினும் ஒரு விசித்திரத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. சிலிண்டரின் உட்சுவரை மிக நுட்பமாகக் கடைந்தெடுத்த பிறகு, ஹோனிங் கல்லைச் சுழற்றியவாறே மேலும் கீழும் செலுத்தி, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் சாய்வான கீறல்களை வேண்டுமென்றே அதன்மீது போடுகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மி வழவழத்துப்போனால், தெருவில் வருபவரை அழைத்துக் கொத்தச் சொல்லி, முதலில் தவிட்டை அரைத்துக் கல்தூளோடு வழித்தெறிந்த பின்னரே மிளகாய் வைப்பார்கள். இங்கும் கீறல்களின் பள்ளத்தில் எண்ணெய் தங்க, மேடுகள் ரிங்கோடு உராய்ந்து இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. தேய்ந்த உலோகத்தூள் எண்ணெயில் கலப்பதால்தான், புல்லட்டுக்கு 500 கிலோமீட்டரிலேயே முதல் எண்ணெயை மாற்றிவிடுகிறார்கள்.

ரிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமன்று. எரியும் வாயு அதன் பின்புறம் புகுந்து தள்ளும் விசையே பிரதானம். ஆகையால், புது எஞ்சினைச் சதா மெல்லவே ஓட்டினால் அழுத்தம் போதாமல், எண்ணெய் சுவரில் காய்ந்து பூச்சாகப் படிந்து கீறல்களை மூடிவிடும். பிறகு ரிங் ஒருபோதும் படியாது. மாறாக, ஆரம்பத்திலேயே விரட்டினால் உஷ்ணம் மிகுந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். மிதமாக வேகமெடுத்தும் விட்டும், ஒரே வேகத்தில் நெடுநேரம் நிலைக்காமலும், டாப் கியரில் எஞ்சின் திணறாமலும் ஓட்டுவதே உசிதம். இக்காலத் தொழிற்சாலைகள் கீறலை முன்னிலும் நுண்மையாகப் போடுவதால் கட்டுப்பாடு தளர்ந்திருக்கிறது. அன்பர் தம் காரின் கையேடு சொல்லும் கணக்கையே பின்பற்றலாம்.

அவர் கேளாத ஒன்றையும் சொல்லவேண்டும். துறைமுகத்திற்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில், புத்தம்புது வண்டிகளும் எஞ்சினை அணைக்காமல் வெறுமனே உறுமிக்கொண்டு நிற்பதைக் காண்கையில் மனம் பதைக்கிறது. சுமையில்லாத அந்த உறுமல், கீறலை மூடும் பூச்சுக்கு மிகவும் உகந்தது. அணைத்து வைக்கச் சொல்லாத முதலாளி, வண்டி எண்ணெய் குடிக்கத் தொடங்கியதும் டிரைவரைத்தான் திட்டுகிறார்.